உள்ளே மடித்த வருடம்

மூன்றாம் வகுப்பறையின் கிழக்குச் சுவரில் இருபத்தெட்டு வருடங்களுக்கு முந்தைய மழை பன்னிரண்டு நாட்களாகப் பெய்துகொண்டிருந்தது. சுவரின் மற்ற பகுதிகள் சுண்ணாம்பு உதிரும்படி காய்ந்து கிடந்தன. ஓர் இடத்தில், ஒரு சாண் அகலத்துக்கு மட்டும், மேலிருந்து கீழாக நல்ல மழை. பள்ளியைக் கூட்டுகிற அம்மாள் முதல் நாள் ஒரு வாளி வைத்தார். அது போதாமல் இரண்டாம் நாள் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்தார். மூன்றாம் நாளிலிருந்து செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டார். தலைமையாசிரியைக்கும் அந்த மழையால் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. அவருடைய வருத்தமெல்லாம் அதற்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, தனியாக ஒழுகிக்கொண்டிருந்த இன்னொரு மெல்லிய மழையைப் பற்றித்தான். அது வருகைப் பதிவேடு வைத்திருந்த அலமாரியின் மேல் விழுந்தது. தையல்காரர் மகளுக்கு ஒரு வயது குறைந்துபோன விஷயம் அந்த ஒழுகலிலிருந்துதான் வெளியே வந்தது என்பதால், அதை ஒழுங்காக முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாம் ஆரம்பித்தது மூன்றாம் வகுப்பு டீச்சரிடம். ஒரு பிள்ளை அவரிடம், நீங்கள் டைனோசரை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டது. டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. அன்று முழுவதும் அவர் முகம் சரியாக இல்லை. அடுத்த வாரம் குடும்பத்தைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னபோது, தபால்காரர் மகன், 'என் அப்பா தபால்காரராகப் பிறந்தார்' என்று எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தான். விசாரித்ததில் இருபத்துநான்கு பிள்ளைகளும் அதே கட்சிதான். அவர்களைப் பொறுத்தவரை உலகம் அவர்கள் பிறந்த அன்று காலையில் எல்லாப் பெரியவர்களோடும் தயாராக வந்து இறங்கியிருந்தது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் 'அப்போ' என்ற ஒரே மூட்டையில் கிடந்தது. டைனோசரும் அம்மாவின் கல்யாணமும் அந்த மூட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

டீச்சர் ஒரு கைவேலை கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையும் பழைய துணியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு நாடா செய்து வர வேண்டும். ஒரு வருடத்துக்கு ஒரு சாண். ஆளுக்கு ஆள் கை மாறும் என்பதால் சாண் என்பது ஒன்பது அங்குலம் என்று முடிவாகி, முதல் பெஞ்சின் ஓரத்தில் இரண்டு வெட்டுக்களாகக் குறிக்கப்பட்டது. இந்த வருடத்தில் தொடங்கிப் பின்னால் போய் மொத்தம் நாற்பது சாண். ஒவ்வொரு சாணிலும் அந்த வருடத்தில் வீட்டில் இருந்த எதையாவது தைக்க வேண்டும்: ஒரு பொத்தான், பழைய திரைச்சீலையின் துண்டு, பஸ் டிக்கெட், ரேடியோவின் திருகு. ஒரே ஒரு விஷயத்தை டீச்சர் இரண்டு தடவை சொன்னார். எந்த வருடத்தையும் விடக் கூடாது. ஒன்றும் ஞாபகம் இல்லாத வருடம் என்றால் வெறும் துணியாக விட்டுவிடுங்கள், அதுவும் வருடம்தான் என்றார். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வீட்டுப்பாடம் யார் தலையில் விடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரம் ஊரில் பெற்றோர்கள் பரண் ஏறி இறங்கினார்கள், தும்மினார்கள், எந்த வருடம் சைக்கிள் வாங்கினோம் என்று சண்டை போட்டார்கள்.

நாடாக்கள் வந்து சேர்ந்ததும் டீச்சர் அவற்றைக் கதவு ஓரத்தில் ஆரம்பித்து, சுவரோடு சுவராக, ஒன்றன் கீழ் ஒன்றாக ஆணியடித்துத் தொங்கவிட்டார். இந்த வருடம் கதவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பின்னோக்கிப் போகப் போக மூலை திரும்பி, கரும்பலகையைத் தாண்டி, நாற்பதாவது வருடம் ஜன்னலுக்கு அடியில் முடிந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே வருடம் நேர்கீழாக வந்தது. ஐந்தாவது நாள் காலை பள்ளியைத் திறந்தபோது வருடங்கள் அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தன. ஊரே வெள்ளத்தில் மிதந்த அந்த இருபத்தெட்டாவது வருடத்தில் மழை வந்தது. பதினேழாவது வருடத்தில் அனல் அடித்தது, கூட்டுகிற அம்மாள் தரை துடைக்கும் துணிகளை அங்கே காயப்போட்டார். மின்சாரம் சரியில்லாத இருபத்தோராவது வருடத்துக்கு மேலே இருந்த மின்விசிறி தினமும் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை ஓடாது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, விசிறியில் பழுது இல்லை, வருடத்தில்தான் பழுது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் அந்தச் சுவரை ஒட்டிக் கையை வைத்தபடி கதவிலிருந்து ஜன்னல்வரை நடந்தார்கள். சத்தம் போடாமல் நடந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் இருபத்துநான்கு பேர் ஒரே அறையில் சத்தம் போடாமல் இருந்தார்கள் என்பதை நம்புகிறவர்கள் மற்றதையும் தாராளமாக நம்பலாம். விரல் தாங்கள் பிறந்த வருடத்தைத் தாண்டும்போது ஒவ்வொரு பிள்ளையும் கொஞ்சம் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் போன விரலைத் தன்னுடையதுதானா என்பதுபோல் பார்த்தது. தாங்கள் இல்லாத இடத்தில் இவ்வளவு குளிரும் வெயிலும் இருந்திருக்கிறது, யாரோ சிரித்திருக்கிறார்கள், யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டிருக்கிறார்கள் என்பது அவர்களை உலுக்கிவிட்டது. தபால்காரர் மகன் முப்பத்திரண்டாவது சாணில் காதை வைத்தபோது ஒரு சின்னப் பையன் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லி அடி வாங்குவது கேட்டது. குரல் யாருடையது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவன் தன் பிஸ்கட்டில் பாதியை அப்பாவுக்குக் கொடுத்து, பரவாயில்லப்பா என்று சொன்னான். மறுநாள் தன் நோட்டை வாங்கி அழித்து, 'என் அப்பா சின்னதாகப் பிறந்தார்' என்று திருத்தி எழுதினான். டீச்சர் அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறார்.

இப்போது அலமாரி விஷயத்துக்கு வருவோம். தையல்காரர் வீட்டு நாடாதான் வகுப்பிலேயே நேர்த்தியானது, அதனால் அது எல்லாவற்றுக்கும் மேலே தொங்கியது. மற்ற இருபத்துமூன்று வெள்ளமும் ஒழுங்காகத் தொட்டியில் விழ, அந்த ஒரு வெள்ளம் மட்டும் ஒரு சாண் கதவுப் பக்கமாகத் தள்ளி விழுந்து வருகைப் பதிவேட்டை ஊறவைத்தது. தலைமையாசிரியை புகார் சொன்னதும் டீச்சர் ஸ்டூலில் ஏறி அளந்து பார்த்தார். நாற்பதுக்கு முப்பத்தொன்பதுதான் இருந்தது. எங்கே குறைகிறது என்று பிள்ளைகளே கதவிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். தையல்காரர் மகள் பிறந்த வருடம்வரை எண்ணியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்ததிலிருந்து எட்டு வருடம். அவளுக்கு ஏழு.

அந்தப் பெண்ணுக்கு ஊரில் பொத்தான் என்று பெயர். ஒரு வயதில் அப்பாவின் டப்பாவிலிருந்து நான்கு ஓட்டைப் பொத்தான் ஒன்றை விழுங்கி, மூன்று நாள் வீட்டையே அந்த ஒரு காரியத்துக்காகக் காத்திருக்கவைத்தவள். துடுக்கானவள்தான். ஆனால் வகுப்பு முழுவதும் சேர்ந்து, நீ ஏழு வயசு, நீ ரெண்டாங் கிளாஸுக்குத்தான் போகணும் என்று பாட ஆரம்பித்ததும் அவளுக்கு உதடு பிதுங்கிவிட்டது. எனக்கு எட்டு, எனக்கு எட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டீச்சர் பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்தார். அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது பொத்தானின் மேல் பல் இரண்டும் பாதியாகக் குறைந்திருந்தன. போன வருடம் விழுந்து, ஆறு மாதம் ஓட்டையாக இருந்து, அவள் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வளர்த்த பற்கள் அவை. மூன்றாம் நாள் அவை ஈறுக்குள்ளேயே போய்விட்டன. ஷூ காலில் நிற்கவில்லை. எட்டாம் வாய்ப்பாடு மறந்துபோனது, ஆறாம் வாய்ப்பாடு தடுமாறியது.

அவள் அப்பா, தையல்காரர், கழுத்தில் டேப் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்தது கிடையாது. மகளை நிற்கவைத்துத் தோளிலிருந்து முட்டிவரை அளந்தார். போன மாதம் அளந்ததைவிட ஒன்றரை அங்குலம் குறைவு. இன்னொரு தடவை அளந்தார். மூன்றாவது தடவை டேப்பை மாற்றி அளந்தார். பிறகு மெஷினில் உட்கார்ந்து அவளுடைய பள்ளிக் கவுனை உள்ளே பிடித்தார். அவருடைய தொழிலில் வளரும் பிள்ளையின் துணியை அதற்குமுன் அவர் சின்னதாக்கியதே இல்லை. எப்போதும் பெரியதாக்கித்தான் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் துணி எது வந்தாலும் கீழே நான்கு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார், பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். இஸ்திரி போட்டுவிட்டால் உள்ளே துணி இருப்பதே தெரியாது. அந்த ஒரு பழக்கத்துக்காகவே ஊர்த் தாய்மார்கள் அவர் கடையைத் தாண்டி வேறு கடைக்குப் போவதில்லை. அன்று அவர் கவுனை உள்ளே பிடிக்கும்போது மெஷினின் மிதியில் கால் சரியாக உட்காரவில்லை.

குறைந்த வருடம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நாடா தைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பொத்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், அவர் தைத்தார். எதிரில் அவர் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஏழாவது சாண் வந்தது. இதுக்கு என்னப்பா வைக்கிறது என்று பொத்தான் கேட்டாள். அம்மாவின் கை துணி மடிப்பதை நிறுத்தியது. தையல்காரர் மகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் செம்போடு திரும்பி வந்தபோது அந்தச் சாண் இரண்டாக மடிந்து துணிக்குப் பின்னால் போய், தையலும் போட்டு, இஸ்திரியும் ஆகியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் டீச்சர் சொன்னபடி வெறும் துணியாக விட்டிருப்பார்கள். தையல்காரருக்கு அது தோன்றவில்லை. பிள்ளை வளரட்டும், அப்புறம் பிரித்துவிடலாம் என்று கை தன் பழக்கத்தில் செய்துவிட்டது. அவர் மனைவி அதைப் பார்த்தார், மறுபடி துணி மடித்தார். அவருக்கு அப்போது மனம் லேசானது. அதைப் பின்னால் அவரே சொன்னார்.

அந்த வருடம் என்ன என்பது பொத்தானைத் தவிர எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மகள் பிறந்ததிலிருந்து தையல்காரர் மனைவி அழுதுகொண்டே இருந்தார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. குழந்தை அழுதால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அதை எடுக்கக் கை வராது. ஜனவரி மாதம் ஒரு காலையில், தூங்குகிற குழந்தையைத் துணி வெட்டும் மேஜையில் கிடத்தி, உருண்டு விழாமல் இருக்க இரண்டு பக்கமும் துணிச் சுருள்களை அடுக்கிவிட்டு, ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டார். வேறொரு ஊரில் பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்ததாகச் சொல்வார்கள். டிசம்பரில் ஒரு மத்தியானம் திரும்பி வந்தார். தையல்காரர் கத்திரிக்கோலோடு எழுந்து நின்று, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார். பிறகு வாசலுக்கு வந்து, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு முகத்தையும் ஒருமுறை பார்த்தார். மிரட்டவில்லை. வெட்டுகிற வேலையில் இருந்ததால் கத்திரிக்கோல் கையிலேயே இருந்துவிட்டது, அவ்வளவுதான். எங்கள் தெரு வாயை மூடத் தெரியாத தெரு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஆறு வருடம் மூடியிருந்தது.

அம்மா இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். மகளுக்குப் பல் உள்ளே போனதும் கடைக்கு வரும் டாக்டரைக் கேட்டார். டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, நல்லா இருக்கு, ஏழு வயசுப் பிள்ளைக்கு இப்படித்தான் இருக்கும் என்றார். பாட்டில் டானிக் ஒன்றும் எழுதிக்கொடுத்தார். டானிக் குடித்ததில் பொத்தானுக்கு இன்னும் அரை அங்குலம் குறைந்தது. அன்று மாலை டீச்சரே தையல்கடைக்கு வந்தார். நாடாவில் ஏழாவது இடம் தடிப்பாக இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டேன், உள்ளே என்ன என்று கேட்க மாட்டேன், ஆனால் நாடா குறைகிற வரைக்கும் பிள்ளையும் குறைவாள் என்றுதான் எனக்குப் படுகிறது என்றார். தேநீர் கொடுத்தார்கள், குடிக்காமல் போய்விட்டார்.

டீச்சர் போனதும் கடைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் பேசினார்கள். பட்டன் காஜா போடும் பெண் திரைக்குப் பின்னால் இருந்ததால் இது ஊருக்குத் தெரிய வந்தது. தையல்காரர், ஒரு வருஷம் பின்னாடி இருந்தா என்ன, மெதுவா வளரட்டும், நமக்கு என்ன அவசரம் என்று ஆரம்பித்தார். அதைச் சொல்லும்போதே உள்ளே பிடித்த கவுன் அவர் மடியில் கிடந்தது. பெண்டாட்டி அந்தக் கவுனை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். தெரிந்தால் மகள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம் ஆறு வருடமாக அவருக்குள் இருந்தது. காலையில் மகளுக்குத் தலை வாரும்போதும் இருந்தது, இரவு போர்வை போர்த்தும்போதும் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் அவர் அந்தப் பிள்ளையின் மேல் உயிரை வைத்திருந்தார்.

"நான் விட்டுட்டுப் போன வருஷம் அது," என்றார் கடைசியில். "அதுக்கு அவ எதுக்குங்க குறையணும்?"

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது இருவரும் பள்ளிக்கு வந்தார்கள். தையல் பிரிக்கிற சின்ன பிளேடு அம்மாவின் கையில் இருந்தது. தையல்காரர் அதைக் கேட்டு வாங்கப் பார்த்தார், அவர் கொடுக்கவில்லை. டீச்சர் பிள்ளைகளை வெளியே அனுப்பட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும், ஊருக்கெல்லாம் தெரியும், இவங்களுக்கு மட்டும் என்ன என்று சொல்லிவிட்டு அம்மா, மகள் உட்கார்ந்திருந்த முதல் பெஞ்சின் முன்னால் போய்க் குனிந்தார். மகள் அவ்வளவு சின்னதாகியிருந்ததால் நன்றாகவே குனிய வேண்டியிருந்தது.

"உன் நாடாவுல ஒரு வருஷம் உள்ள மடிஞ்சு இருக்கு. அந்த வருஷம் நான் வீட்டுல இல்ல. உனக்கு ரெண்டு வயசுகூட ஆகல. உன்ன மேஜை மேல படுக்க வச்சுட்டுப் போயிட்டேன்."

பொத்தான் அம்மாவையே பார்த்தாள். "எதுக்கு?"

"நீ அழுத. நானும் அழுதேன். ரெண்டையும் என்னால தூக்க முடியல."

பொத்தான் நெடுநேரம் யோசித்தாள். என்ன யோசித்தாள் என்பது யாருக்கும் தெரியாது, நானும் அதை இட்டுக்கட்டப் போவதில்லை. பிறகு அவள், இப்போது பிரித்தால் பல் வருமா என்று கேட்டாள். அம்மா, வரும்னு நினைக்கிறேன் என்றார். அப்படியென்றால் பிரி என்றாள்.

அம்மா ஸ்டூலில் ஏறினார். தையல்காரர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அவர் போட்ட தையல் லேசில் விடாது, ஒவ்வொரு கண்ணியாக அறுக்க வேண்டியிருந்தது. கடைசிக் கண்ணி அறுந்ததும் மடிப்பு பிரிந்து ஏழாவது வருடம் வெளியே வந்தது. வெயில் படாமல் உள்ளேயே இருந்ததால் மற்ற துணியைவிட அது பளிச்சென்று இருந்தது, மடித்த இடத்தில் மட்டும் ஒரு கோடு. அது விரிந்ததும் அதற்கு முந்தைய முப்பத்துமூன்று வருடங்களும் ஒரு சாண் நகர்ந்தன. ஆணிகள் அதற்குத் தடையாக இல்லை. தையல்காரரின் கல்யாணம் நகர்ந்தது, அவர் தொழில் பழகிய வருடங்கள் நகர்ந்தன, அவர் மனைவி முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போன வருடம் மூலை திரும்பியது. ரயில் கிளம்பும்போது பிளாட்பாரம் அதிருமே, அந்த மாதிரி அறை லேசாக அதிர்ந்தது. தள்ளி ஒழுகிய வெள்ளம் நகர்ந்து போய் மற்ற வெள்ளங்களோடு சேர்ந்து தொட்டியில் விழ ஆரம்பித்தது. அப்பா அம்மா இரண்டு பேருடைய மொத்த ஆயுளும் தலைக்கு மேலே தன் இடம் தேடிப் போவதைப் பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். டீச்சர் கை கூப்பி நின்றார், எதற்கென்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. பொத்தானின் ஷூ இறுகியது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள், இரண்டு பல்லும் வந்திருந்தன. கவுன் தோளில் கிழிந்தது, தையல்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

பிறகுதான் அழுகை கேட்டது. விரிந்த துணியிலிருந்து ஒரு குழந்தை அழுதது. இரண்டு வயதுகூட ஆகாத குழந்தையின் அழுகை, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, யாரையோ கேட்டு. அதன் பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம். ஒரு நிமிடத்தில் நிற்கும் என்று பார்த்தார்கள், நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. பதினொரு மாதத்து அழுகை உள்ளே அடைந்து கிடந்திருக்கிறது, எப்படி நிற்கும்? பக்கத்து வகுப்புகளில் கணக்கு நடத்த முடியவில்லை. கூட்டுகிற அம்மாள் வேலையைப் போட்டுவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார், அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு துடைப்பம் பிடிக்க முடியவில்லை என்றார்.

அம்மா மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து துணியில் வாயை வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். கண்ணே என்றார், வந்துட்டேன் என்றார், பாட்டுப் பாடினார். குழந்தைக்குக் கேட்கவில்லை. அந்த வருடத்தில் அவர் இல்லை, இல்லாதவர் குரல் அதற்குள் போகாது. தையல்காரர் கூப்பிட்டபோது குழந்தைக்குக் கேட்டது. அழுகையை நிறுத்திக் கவனித்தது. அழாதம்மா, அம்மா வந்துடுவா என்று அவர் சொன்னதும் முன்னைவிட அதிகமாக அழுதது. அந்தக் குரல் அந்த வருடம் முழுவதும் அதையேதான் தினமும் சொல்லியிருக்கிறது. சொன்ன அவருக்கே அப்போது நம்பிக்கை இருக்கவில்லை, அது குழந்தைக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்க டீச்சருக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது பொத்தான் தன் இடத்திலிருந்து எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஏழாவது சாணில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வகுப்பில் பக்கத்துப் பெஞ்சோடு ரகசியம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"அழாத. அவங்க வந்துடுவாங்க. நான் பார்த்தேன்."

குழந்தை ஒரு விக்கலோடு நின்றது. அந்த வருடத்தில் இருந்தவளும் அவள்தான், அது எப்படி முடிந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவளும் அவள்தான். தன் குரலைத் தானே எப்படி நம்பாமல் இருக்கும்? மெஷின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது, அதுவும் பிறகு ஓய்ந்தது. பொத்தான் இறங்கி வந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து, அந்தக் குழந்தைக்குச் சேர்த்து அழுதாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளை, நல்ல கனம். வீடுவரை இறக்கவில்லை.

வருடக் கடைசியில் நாடாக்களை அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்தந்த வீட்டில் அந்தந்த வருடம் பெய்கிறது, காய்கிறது, யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. டீச்சர் வருடா வருடம் புது மூன்றாம் வகுப்புக்கு அதே கைவேலையைக் கொடுக்கிறார். பெற்றோர்கள் வருடா வருடம் திட்டுகிறார்கள். தையல்காரர் வீட்டில் நாடா கடையிலிருந்து சமையலறைக்குப் போகும் நடையில் தொங்குகிறது. பொத்தானுக்கு இப்போது பதினாறு வயது, அம்மாவைவிட உயரம். அந்த ஒரு சாண் சாயம் மங்கி மற்ற துணியோடு ஒன்றாகிவிட்டது, அந்தக் கோடு மட்டும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ, பெரும்பாலும் சாயங்கால வேளையில், குழந்தைக்கு மறுபடி சந்தேகம் வந்து சிணுங்க ஆரம்பிக்கும். பொத்தான் கையில் இருக்கிற புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கும். அம்மா அங்கிருந்தே, திரும்பிப் பார்க்காமல், "வந்துட்டேன்னு சொல்லு" என்பார்.

பொத்தான் சொல்வாள். குழந்தை கேட்டுக்கொள்ளும்.